சாவி தொலைஞ்சு, இக்னிஷன் லாக்கும் உடைஞ்சு வண்டி ஏற்காட்டுல நிக்குது. எப்படி இறக்குறது?

நாமக்கல்_வேகன்ஆர்

வண்டி வேகன் ஆர், 2012 மாடல், கே10 பெட்ரோல், மேனுவல் கியர். ஏற்காட்டுல ஏரிக்கு மேல் பக்கம் ஒரு சரிவு ரோட்டோரம் நிக்குது. முன்சக்கரம் ஒருபக்கமா திரும்பி, ஓரக்கல்லுல முட்டி நிக்குது. சாவி தொலைஞ்சிருச்சு. கதவு பூட்டல, அதனால உள்ள ஏறி இறங்க சிக்கல் இல்ல.

லாக்கை ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பித் திருப்பியாச்சு. இப்போ சாவித் துவாரத்தோட வாய் விரிஞ்சு, பேரல் லொடலொடன்னு ஆடுது. ஸ்க்ரூடிரைவர்லயே ஆன் வரைக்கும் போகுது, டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரியுது, ஸ்டார்ட்டரும் சுத்துது. இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேங்குது. கார் படத்துக்குள்ள சாவி வரைஞ்ச மாதிரி ஒரு விளக்கு விட்டு விட்டு மின்னுது. ஸ்டியரிங் கொஞ்சம் அசைஞ்சு அப்படியே நின்னுருது.

ஸ்பேர் சாவி நாமக்கல் வீட்டுல பத்திரமா இருக்கு. தெரிய வேண்டியது இதுதான்: அந்தச் சாவி வந்தா போதுமா? ஒயரை டைரக்ட் பண்ணி சேலம் வரைக்கும் மெதுவா இறக்கிடலாமா? லாக் மட்டும் மாத்தலாமா, செட்டாவே மாத்தணுமா?

அஸ்தம்பட்டி_ஆட்டோஎலக்ட்ரிக்

டைரக்ட் பண்ணி இறக்குற எண்ணத்தை முதல்ல விட்டுருங்க. காரணம் திருட்டுப் பயம் இல்ல, அந்த ரோடு. அடிவாரம் வர்றதுக்குள்ள 20 கொண்டை ஊசி வளைவு. குப்பனூர் வழியா இறங்கினாலும் மலை மலைதான். உங்க வண்டில இப்போ உடைஞ்சிருக்கிறது சாவி போடற இடம் மட்டும் இல்லைங்க.

இக்னிஷன் லாக்னு நாம ஒரே பேர்ல சொல்றதுக்குள்ள மூணு வேலை இருக்கு. முன்னால பேரல், அதுக்குள்ள சாவியோட வெட்டுக்கு ஏத்தபடி ஏறி இறங்குற பித்தளைத் தகடுகள். நடுவுல ஸ்டியரிங் லாக். பேரல் திரும்பும்போது ஒரு கேம் சுத்தி, ஸ்டியரிங் ஷாஃப்ட்டோட பள்ளத்துல விழுந்து கிடக்கிற இரும்புக் கட்டையைப் பின்னால இழுக்கும். கடைசியில ஒயர் வர்ற எலக்ட்ரிக்கல் சுவிட்ச். நீங்க ஆன் வரைக்கும் திருப்பியும் ஸ்டியரிங் விடலைன்னா, சுவிட்சுக்குப் போற தண்டு திரும்புது, ஆனா அந்தக் கட்டையை இழுக்கிற பாகம் உள்ள உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். இப்போ அதை எப்படியாவது தட்டிப் பின்னால தள்ளிட்டீங்கன்னு வச்சுக்குங்க. பின்னால பிடிச்சு நிறுத்த ஒண்ணும் கிடையாது. ஸ்பிரிங் அதை எப்பவும் ஷாஃப்ட் பக்கம்தான் தள்ளிக்கிட்டே இருக்கும். வளைவுல ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போது பள்ளம் நேருக்கு வந்துச்சுன்னா கட்டை விழுந்துரும். அப்புறம் சக்கரம் எந்தப் பக்கம் நிக்குதோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும்.

ரெண்டாவது, இன்ஜின் ஏன் பிடிக்கல. மின்னுற விளக்குதான் பதில், அது இம்மொபிலைசர். சாவித் தலைக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கு, அதுக்கு பேட்டரி கிடையாது. லாக்கோட வாயைச் சுத்தி ஒரு காயில் வளையம் இருக்கு. ஆன் போட்டதும் அந்த வளையம் சிப்பை எழுப்பி எண்ணைப் படிக்கும், இன்ஜினை இயக்குற கம்ப்யூட்டரான ஈசிஎம் ஒத்துக்கிட்டாத்தான் ஸ்பார்க்கும் பெட்ரோலும் வரும். ஸ்டார்ட்டர் சுத்துறதை அது தடுக்கல, அதனாலதான் "சுத்துது, பிடிக்கல". சிப் இல்லாம எத்தனை தடவை ஸ்டார்ட்டர் அடிச்சாலும் பேட்டரிதான் இறங்கும். இனிமே அடிக்காதீங்க.

ஸ்பேர் சாவி வந்ததும் ஒரு சோதனை பண்ணுங்க. சாவித் தலையை லாக்கோட வாய் மேலயே ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆன் போடுங்க. மின்னுறது நின்னா காயிலும் ஈசிஎம்மும் நல்லா இருக்கு, உடைஞ்சது இரும்பு வேலை மட்டும்தான், பெரிய செலவு மிச்சம். அப்பவும் மின்னினா, நெம்பும்போது காயில் வளையம் விரிசல் விட்டிருக்கும், இல்ல அதோட கனெக்டர் கழண்டிருக்கும். கவரைக் கழட்டி அதைப் பார்த்த பிறகுதான் ப்ரோகிராமிங் பேச்சு. கனெக்டரைச் சொருகினா தீர்ற வேலைக்கு ஈசிஎம் மாத்தணும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க.

மூணாவது சுவிட்ச். அதை லாக்கோட சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதில்ல. பின்னால சின்ன ஸ்க்ரூல நிக்குது, தனியாக் கழட்டி மல்டிமீட்டர்ல பார்க்கலாம். ஆஃப்ல பேட்டரி முனைக்கும் எதுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. முதல் நிலையில ஏசிசி முனை (ரேடியோ மாதிரி சாமானுக்குப் போற லைன்) மட்டும் வரணும். ஆன்ல ஏசிசியும் இக்னிஷன் முனைகளும் வரணும். ஸ்டார்ட்ல இக்னிஷனும் ஸ்டார்ட்டர் முனையும் வரும், ஏசிசி விட்டுப் போகும் (ஸ்டார்ட் அடிக்கும்போது ரேடியோ நிக்கிறது அதனாலதான்). விட்டதும் தானா ஆனுக்குத் திரும்பணும். இந்தத் திரும்புறது ரொம்ப முக்கியம். ஸ்பிரிங் போய் ஸ்டார்ட்லயே நின்னுட்டா, இன்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட்டர் பினியன் ஃப்ளைவீலோட பிடிச்சபடியே சுத்தி, ஆர்மேச்சர் கருகிரும். ஸ்க்ரூடிரைவர்ல நெம்புன வண்டில இதைப் பார்க்காம விடக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை_சாவி

மேல சொன்னது சரி. சாவி பக்கத்தை மட்டும் நான் சொல்றேன்.

ஸ்பேர் சாவி வீட்டுல சும்மா கிடந்ததுன்னா அதை விட நல்ல மாதிரி வேற கிடையாது. தினமும் போட்ட சாவி முனை மழுங்கிப் போயிருக்கும். அதை வச்சு வெட்டுனா தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டுவோம். ஸ்பேர் அப்படி இல்ல, கம்பெனி வெட்டு அப்படியே இருக்கும். வண்டி வாங்கும்போது சாவியோட ஒரு சின்ன டேக்ல எண் கொடுத்திருப்பாங்க, அதையும் தேடிப் பாருங்க. அந்த எண் இருந்தா ஷோரூம்ல மாதிரிச் சாவி இல்லாமலே வெட்டி வாங்கலாம். ரெண்டும் இல்லாதவங்களுக்கு வழி கதவு லாக். அதைக் கழட்டித் தகடுகளோட உயரத்தைப் பார்த்துச் சாவி வெட்டிடலாம். ஆனா டிரைவர் கதவு லாக்தான் அதிகம் தேயும், பல வண்டில கதவு லாக்குல இக்னிஷனை விட ஒண்ணு ரெண்டு தகடு குறைவாவும் இருக்கும், அந்த இடத்தை மட்டும் வெட்டி வெட்டிப் போட்டுப் பார்த்துத்தான் பிடிக்கணும்.

லாக் மட்டுமா, செட்டாங்கறதுக்கு: இக்னிஷன் லாக் மட்டும் வாங்கினா கூட வர்ற சாவி இக்னிஷனுக்கு ஒண்ணு, கதவுக்கும் டிக்கிக்கும் பழையது ஒண்ணுன்னு ரெண்டு சாவி சுமக்கணும். லாக் செட் வாங்கினா எல்லாத்துக்கும் ஒரே சாவி, ஆனா கதவு பேனல் எல்லாம் கழட்டணும், கூலி ஏறும். நடுவுல ஒரு வழி இருக்கு. புது பேரலைப் பிரிச்சு, உங்க ஸ்பேர் சாவிக்கு ஏத்த மாதிரி தகடுகளை மாத்தி அடுக்கறது. தகடுகள்ல எண் அடிச்சிருக்கும், அதைப் பார்த்துச் சரியான எண்ணைச் சரியான இடத்துல போடணும். தேவையான எண் கைவசம் இல்லைன்னு தகட்டை அரத்தால ராவி வைக்கிறவங்க உண்டு. அப்படிச் செஞ்சா இப்போதைக்கு வேலை செய்யும், அப்புறம் எந்தச் சாவி போட்டாலும் திரும்பும். அதுக்கு லாக்கே வேண்டாம். பேரலை மூடறதுக்கு முன்னால சாவியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. எல்லாத் தகடும் பேரல் மட்டத்துக்கு இறங்கியிருக்கணும், ஒண்ணு கூட நகக்கண்ணுல தட்டக் கூடாது. சாவியை எடுத்ததும் அத்தனையும் மேல எழும்பணும்.

பழைய வெட்டுக்கே அடுக்கினா தொலைஞ்ச சாவியும் புது லாக்குல போகும். அதைக் கண்டெடுத்தவர் கதவையும் திறக்கலாம். அவரால இன்ஜினை ஓட்ட முடியாதபடி செய்யணும்னா, தொலைஞ்ச சாவியோட சிப்பை ஈசிஎம்ல இருந்து அழிக்கணும். ஷோரூம் ஸ்கேனர்லயும் செய்வாங்க, நல்ல கருவி வச்சிருக்கிற சாவிக்காரரும் செய்வார். அன்னைக்குப் போகும்போது கையில இருக்கிற எல்லாச் சாவியையும் எடுத்துட்டுப் போங்க, பழைய பதிவுகளை அழிச்சுட்டு இருக்கிறதைத்தான் திரும்பப் பதிவாங்க. வீட்டுல விட்டுட்டுப் போன சாவி அதுக்கப்புறம் வெறும் கதவுச் சாவிதான்.

என் கருத்து: தொலைஞ்ச சாவிக் கொத்துல வண்டி நம்பரோ வீட்டு விலாசமோ தொங்கியிருந்தா யோசிக்காம முழு செட் மாத்திருங்க. வெறும் சாவிதான்னா, பழைய வெட்டுக்கு அடுக்கி, சிப்பை அழிச்சா போதும்.

சாவி வேலைக்கு யார்கிட்ட போனாலும் ஆர்சியும் ஆதாரும் காட்டச் சொல்லிக் கேட்கிறவர்கிட்ட போங்க. கேட்காம செஞ்சு தர்றவர் உங்க வண்டிக்கு நாளைக்கு வேற யாருக்கும் செஞ்சு தருவார்.

நாமக்கல்_வேகன்ஆர்

ஸ்பேர் சாவி வந்துருச்சு. தலையைப் பக்கத்துல பிடிச்சு ஆன் போட்டதும் மின்னுறது நின்னுருச்சு. இன்ஜினும் பிடிச்சுது, உடனே நிறுத்திட்டேன். ஸ்டியரிங் அதே நிலைமைதான். இங்க உள்ள மெக்கானிக் "ஸ்டியரிங் லாக்கை வெட்டித் தூக்கிட்டு ஒரு டாகிள் சுவிட்சும் புஷ் பட்டனும் வச்சுத் தர்றேன், நீங்களே ஓட்டிட்டுப் போயிரலாம்"னு சொல்றார். சரியா வருமா?

அடிவாரம்_ஒர்க்ஷாப்

பாதி சரி, பாதி தப்புங்க. ஸ்டியரிங் லாக்கை முழுசா கழட்டி வெளிய எடுக்கிறது சரி. கட்டையே இல்லைன்னா விழுறதுக்கு ஒண்ணும் இல்ல. தப்பு டாகிள் சுவிட்ச். வண்டியோட இக்னிஷன் சுவிட்ச் வழியா பம்ப், இக்னிஷன் காயில், ஃபேன், ஹீட்டர்னு பெரிய கரண்ட் போகுது, ஸ்டார்ட்டரை இயக்குற சோலனாய்டு லைன் மட்டுமே இழுக்கும்போது பத்து ஆம்பியரைத் தாண்டும். கடையில கிடைக்கிற சின்ன டாகிள் அதுக்கு ஆனது இல்ல. சூடாகி முனை இளகும், இல்ல உள்ள ஒட்டிக்கும். இறக்கத்துல சட்டுனு இக்னிஷன் போச்சுன்னா உங்க வண்டில எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் போயிரும், ஸ்டியரிங் கல்லா கனக்கும். பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவம் ரெண்டு மூணு மிதிக்குத் தாங்கும், அப்புறம் பெடல் கட்டை மாதிரி இறுகிரும். கியர்லயே விட்டுக் கிளட்ச் மிதிக்காம இருந்தா சக்கரம் இன்ஜினைச் சுத்த வச்சு வேக்குவம் கொஞ்சம் வரும், ஆனா அந்த நேரத்துல கால் தன்னால கிளட்சுக்குத்தான் போகும்.

அதனால ரெண்டே வழி. ஃபிளாட்பெட்ல (வண்டியை முழுசா மேல ஏத்திக் கொண்டு போற லாரி) ஏத்தி இறக்குங்க, இல்லைன்னா புது லாக்கை மேல கொண்டு போய் அங்கயே மாட்டி இறக்குங்க. ஃபிளாட்பெட் சொல்லும்போது "ஸ்டியரிங் லாக் ஆகி, சக்கரம் திரும்பின நிலைமையில நிக்குது"ன்னு முதல்லயே சொல்லிருங்க, சக்கரத்துக்கு அடியில வைக்கிற உருளைத் தள்ளுவண்டியோட வருவாங்க. கயிறு கட்டி இழுக்கிறது மலை ரோட்டுல வேண்டவே வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கிற வண்டின்னா முன்வீல் டிரைவுக்கு அது ஒத்துவரும், ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்கணும். ஆனா கொண்டை ஊசில பின்னால ஆடிக்கிட்டு வர்றதுக்கு ஃபிளாட்பெட்டே மேல்.

மேலேயே மாட்டறதா இருந்தா வேலை இப்படி.

முதல்ல நாலு சக்கரத்துக்கும் கட்டை, கியர் முதல் கியர், ஹேண்ட் பிரேக். பேட்டரில நெகட்டிவ் முனையைப் பத்து எம்எம் ஸ்பேனரால கழட்டி, துணி சுத்தி ஒதுக்கி வையுங்க. ஏர்பேக் உள்ள வண்டின்னா மூணு நிமிஷம் காத்திருந்து தொடுங்க. மஞ்சள் ஸ்லீவ், மஞ்சள் கனெக்டர் எதுவும் ஏர்பேக் லைன். அதுல டெஸ்ட் லாம்ப் வைக்கவே கூடாது. ஸ்டியரிங்குக்கு அடியில உள்ள பிளாஸ்டிக் கவரோட ஸ்க்ரூக்களை எடுத்து ரெண்டு பாதியாப் பிரிங்க. இழுத்தா வராது, ஓரத்துல கிளிப் இருக்கு, அழுத்திப் பிரிக்கணும். இப்போ லாக் உடம்பு முழுசாத் தெரியும். காயில் வளையத்தைச் சாவித் துவாரத்துல இருந்து உருவி, ஒயரோட ஓரமா விடுங்க. சுவிட்ச் கனெக்டரைக் கழட்டுங்க.

லாக்கை ஸ்டியரிங் காலத்தோட (ஸ்டியரிங் ஷாஃப்ட்டைச் சுத்தி இருக்கிற குழாய்) பிடிச்சிருக்கிறது ரெண்டு ஷியர் போல்ட். கம்பெனில முறுக்கும்போது தலை முறிஞ்சு, வெறும் வழுவழுன்னு குமிழ் மட்டும் தெரியும். ஸ்பேனர் வைக்க இடம் இருக்காது. பெரும்பாலானவங்க உளியை வச்சுச் சுத்தியலால இடதுபக்கமாத் தட்டி எடுப்பாங்க. அதை நான் ஒத்துக்க மாட்டேன். மோதல்ல மடங்குறதுக்காகவே செஞ்ச ஸ்டியரிங் காலம் அது, ஓங்கி அடிச்சா உள்ள உள்ள பாகம் நகர்ந்துரும், வெளிய பார்த்தா தெரியாது. நல்ல வழி: குமிழோட நடு மையத்துல சென்டர் பஞ்ச்சால ஒரு புள்ளி. அதுல மூணு எம்எம் டிரில், அப்புறம் இடதுபக்கம் சுத்துற அஞ்சு எம்எம் டிரில். பாதி நேரம் அந்த இடது டிரில் கடிக்கும்போதே போல்ட் தானா சுத்தி வெளிய வந்துரும். வரலைன்னா, முறிஞ்ச போல்ட்டை உருவுற எக்ஸ்ட்ராக்டர். டிரில் கிடைக்காத இடத்துல, மெல்லிய கட்டிங் வீலால குமிழ்ல ஒரு நேர்கோட்டுப் பள்ளம் வெட்டி, அகலமான ஸ்க்ரூடிரைவர் வச்சு நின்னு நிதானமாத் திருப்பலாம். எதைச் செஞ்சாலும் கீழயும் பக்கத்துலயும் ஈரத்துணி போட்டு மூடுங்க. பொடி இரும்பு சுவிட்சுக்குள்ள விழுந்தா ஷார்ட், ஸ்டியரிங் பின்னால உள்ள சுருள் கேபிளுக்குள்ள விழுந்தா ஹார்ன்ல ஆரம்பிச்சு ஏர்பேக் வரைக்கும் தொல்லை.

பழைய லாக் வெளிய வந்ததும் ஸ்டியரிங் தன்னால விடும். சக்கரம் கல்லுல முட்டி நிக்கிறதால சட்டுனு ஒருபக்கம் திரும்பும், கை விரலை ஸ்போக்குக்குள்ள வைக்காதீங்க.

புதுசை மாட்டும்போது அவசரப்பட்டுப் போல்ட் தலையை முறிச்சுராதீங்க. ரெண்டு போல்ட்டையும் கையால இறுக்கி, லேசா ஸ்பேனர் வச்சு நிறுத்துங்க. சாவியை எடுத்துட்டு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பாருங்க, கட்டை பள்ளத்துல "டக்"னு விழணும். சாவி போட்டுத் திருப்பினா ஒட்டாம விடணும். ஒட்டினா லாக் உடம்பு ஸ்டியரிங் காலத்து மேல ஒரு மயிரிழை சாஞ்சு உக்காந்திருக்கு, தளர்த்தி நேராக்குங்க. அஞ்சாறு தடவை சரியா வந்த பிறகு ரெண்டையும் மாத்தி மாத்தி இறுக்கி, தலை முறியுற வரைக்கும் போங்க. சாதா போல்ட் போடாதீங்க, ஒரு ஸ்பேனரால யார் வேணாலும் லாக்கைக் கழட்டிரலாம்.

காயில் வளையம், சுவிட்ச், கவர் எல்லாம் போட்டு பேட்டரி கொடுத்ததும் ஓட்டாம ஒரு சோதனை. ஆன்ல வச்சு ஸ்டியரிங்கை இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் முழுசா ஒடிங்க, எங்கயும் உரசவோ இழுக்கவோ கூடாது. இன்ஜின் ஓடும்போது சாவியைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, விளக்கு சிமிட்டக் கூடாது. ஸ்டார்ட் அடிச்சு விட்டதும் சாவி தானா திரும்பணும். அதுக்கப்புறம் ஏரியைச் சுத்தி சமதளத்துல ஓட்டிப் பார்த்துட்டு மலை இறங்குங்க.

சேலம்_பாலிசி

சாவி தொலைஞ்சதுக்கு ஏற்காடு ஸ்டேஷன்ல ஒரு மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கிருங்க. இதைப் பலரும் தேவையில்லைன்னு விட்டுருவாங்க. பின்னால வண்டி திருடு போனா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கேட்கிறது ரெண்டு ஒரிஜினல் சாவி. ஒண்ணு இல்லைன்னா, அது தொலைஞ்சதை அப்பவே தெரிவிச்சதுக்கு உங்க கையில இருக்கிற ஆதாரம் அந்த ரசீதுதான். நகலைக் கம்பெனிக்கும் ஒரு மெயில்ல அனுப்பி வையுங்க.

கிளைம் பண்ணி லாக் மாத்தலாமான்னு யோசிச்சா, வேண்டாம்னுதான் சொல்வேன். நாமளே நெம்பி உடைச்சது விபத்துல சேராது. திருட வந்தவன் உடைச்சிருந்தா ஓன் டேமேஜ்ல (சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி) வரும், அப்பவும் பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு உலோகப் பாகத்துல 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பாங்க, அதுக்கு மேல 1500 சிசி வரைக்கும் கட்டாயக் கழிவு 1000 ரூபாய். மிச்சம் வர்ற கொஞ்சப் பணத்துக்காக அஞ்சு வருஷமா சேர்த்த 50 சதவீத நோ கிளைம் போனஸை விட்டுக் கொடுக்கணும். பாலிசில ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு மட்டும் பாருங்க, ஃபிளாட்பெட் செலவு அதுல போகும், அது போனஸைத் தொடாது.

எஸ்டேட்_ஜீப்

காபி எஸ்டேட் பழைய ஜீப்புகளை மனசுல வச்சுத்தான் நிறையப் பேர் இங்க "சுவிட்ச் மாத்தினா போதும்"னு சொல்லிருவாங்க. அந்த டீசல் இன்ஜின்ல இம்மொபிலைசர் கிடையாது, ஸ்டியரிங் லாக்கும் இல்லாத வண்டிதான் அதிகம், நிறுத்தறதுக்கு கேபிளை இழுத்தா போதும். டேஷ்போர்டுல ஒரு நட்டைக் கழட்டி சுவிட்சை மாத்திருவாங்க. அந்தக் கணக்கு வேகன் ஆருக்கு ஒத்துவராது, அதனால வாய்ச் சொல்லைக் கேட்டு யாரையும் கை வைக்க விடாதீங்க.

புது லாக் போட்ட பிறகு ரெண்டு பழக்கம் வேணும். இங்க சரிவுல நிறுத்தும்போது சக்கரத்தை ஓரக்கல் பக்கம் ஒடிச்சு முட்ட வைக்கிறது நல்லதுதான். ஆனா வண்டி எடை முழுக்க அந்தச் சக்கரத்து மேல சாயும், ஸ்டியரிங் முறுக்கிக்கிட்டு நிக்கும், லாக் கட்டை பள்ளத்தோட ஒரு சுவர்ல இறுகிப் போயிரும். அப்போ சாவி திரும்பாது. அந்த நேரத்துல பலம் போட்டா முறியுறது சாவிதான். இடது கையால ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் கொஞ்சம் இளகுதோ அந்தப் பக்கம் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால சாவியை ரெண்டு விரல்ல திருப்புங்க. ரெண்டு விரலுக்கு வரலைன்னா ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் அழுத்தணும், சாவியை இல்ல. நிறுத்தும்போதே முதல்ல ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுத்து, கியர் போட்டு, அப்புறம் பிரேக் பெடலை விட்டா சக்கரத்து மேல அந்தப் பாரமே குறையும்.

இன்னொண்ணு, லாக்குக்குள்ள தேங்காய் எண்ணெய், கிரீஸ் விடாதீங்க. ஏற்காட்டு ஈரத்துக்கும் பனிக்கும் அது தூசியோட சேர்ந்து பசையாகி, தகடு மேல எழும்பாம ஒட்டிக்கும். கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை சாவில தடவி நாலு தடவை விட்டு எடுங்க, இல்லைன்னா காய்ஞ்சு போற டெஃப்லான் ஸ்பிரே. கதவு லாக்குக்கும் டிக்கிக்கும் இதேதான்.